வாகை மரத்தைத் தாண்டினால்

புதன்கிழமை விவாகரத்து. அதற்கு முந்தைய சனிக்கிழமை இருவரும் ஓநாய் பார்க்கப் போனார்கள்.

கெம்பாறை ஓநாய்க் காப்பகத்தில் ஓர் இரவு தங்குவதற்கு அனுமதி குலுக்கலில்தான் கிடைக்கும். போன வருஷம், நந்தகோபனும் வசுமதியும் இன்னும் ஒரே சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த காலத்தில், தம்பதி என்று பதிந்து வைத்திருந்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். வக்கீலைப் பார்த்து, மனுப் போட்டு, கோர்ட் கொடுத்த ஆறு மாத அவகாசமும் தீரப்போகிற சமயத்தில் செய்தி வந்தது. வாழ்த்துகள், உங்கள் ஜோடிக்கு அனுமதி.

"நீ விட்டுக் கொடு. நான் மட்டும் போறேன்" என்றான் நந்தகோபன்.

"ஒருத்தர் வராட்டி ரெண்டு பேருக்கும் கிடையாதுன்னு போட்டிருக்கு. படிக்கத் தெரியும்ல?"

"அப்ப ரெண்டு பேருமே போக வேண்டாம்."

"நான் எதுக்குப் போகாம இருக்கணும்? உன்னை விட்டுத்தான் பிரியறேன். ஓநாயை விட்டா பிரியறேன்?"

அவன் கோயம்புத்தூரில் லிஃப்ட் கம்பெனி எஞ்சினியர். அவள் பல் டாக்டர். கல்யாணமாகி ஐந்து வருஷம். இப்போதும் ஒரே ஃபிளாட்தான். அவளுக்குப் படுக்கையறை, அவனுக்கு ஹால், சமையலறை மட்டும் பொது. பிரிவதற்குக் காரணம் என்ன என்பதில் வக்கீலுக்கே குழப்பம். அடி உதை இல்லை. வேறு ஆள் இல்லை. மாமியார்கூட நல்லவர்.

"அப்புறம் எதுக்கும்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"ஒண்ணும் தோணலை சார்" என்றாள் வசுமதி. "இவன் வந்தாலும் ஒண்ணும் தோணலை. போனாலும் ஒண்ணும் தோணலை."

அந்த வார்த்தைக்காகத்தான் நந்தகோபன் கையெழுத்துப் போட்டான். திட்டியிருந்தால் போட்டிருக்க மாட்டான்.

கெம்பாறை, கர்நாடக எல்லையை ஒட்டிய மலை மேட்டில் இருந்தது. புல்வெளி, புதர்க்காடு, நடுவில் சிவந்த பாறைகள். வரவேற்பு அறையில் டாக்டர் செலின் காத்திருந்தாள். காப்பகத்தின் தலைமை ஆராய்ச்சியாளர். ஒல்லியான பெண், குட்டைத் தலைமுடி, இடது முன்னங்கையில் பல் பதிந்த பழைய தழும்பு.

"வேலியே காணோமே?" என்றான் நந்தகோபன். "ஓநாய் எங்க வேணா போகலாமா?"

"போகலாம். போகாது." செலின் ஒரு சாம்பல் நிறப் பட்டையை எடுத்துக் காட்டினாள். கைக்கடிகாரம் போல, முகம் இல்லாமல் இருந்தது. "ஓநாய்க்குக் கழுத்துல, உங்களுக்குக் கையில. எல்லைக்கோடு கிட்ட போனா வேலை செய்யும். ஷாக் கிடையாது, வலி கிடையாது. நரம்பு வழியா ஒரு சின்ன உறுத்தல், அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்பிப் பாதி வழியில, வீட்டுல அடுப்பை அணைச்சோமான்னு ஒரு நெனப்பு வருமே..."

"ஐயோ."

"அதேதான். அதுக்கப்புறம் ஒரு அடி எடுத்து வைக்கத் தோணாது. திரும்பிருவீங்க. ஓநாய்க்கு அடுப்பு இல்ல, ஆனா அதுக்கும் ஏதோ இருக்கு."

தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டு நந்தகோபன் அதைத் தாண்டிப் பார்த்தான். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. எதையோ விட்டுவிட்டு வந்துவிட்டோம். எதை? காலைப் பின்னால் வைத்தான். போய்விட்டது.

"பிரமாதம்" என்றான். "எங்க மேனேஜருக்கு ஒண்ணு கிடைக்குமா? என் டேபிள் பக்கம் வராம இருக்க."

வசுமதி சிரிக்கவில்லை. அவள் மணிக்கட்டில் செலின் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டும்போது நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

"இருக்கட்டும்" என்றாள் வசுமதி.

ரொம்ப இறுக்கமாக இருக்கிறது போல என்று நந்தகோபன் நினைத்துக்கொண்டான்.

பேட்டரி ஜீப்பில் அவர்களை முகாமுக்குக் கொண்டுபோனவர் ஜடையப்பன். காக்கிச் சட்டைக்கு மேல் பச்சை மஃப்ளர், ஓயாத வாய். ஓடைக்கரையில் காட்டு மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு கூடாரம் நின்றது.

"இன்னொரு டெண்ட்?" என்றாள் வசுமதி.

"தம்பதின்னா ஒண்ணுதானுங்க மேடம்."

"நாங்க புதன்கிழமை வரைக்கும்தான் தம்பதி."

ஜடையப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இன்னைக்குச் சனிதானுங்களே?" என்றார். பிறகு மனமிரங்கி, வண்டித்தடம் வளைகிற இடத்தில் நின்ற வாகை மரத்தைக் காட்டினார். "அதைத் தாண்டினா எங்க ஷெட்டு. ஒரு கட்டில் கெடக்கு. கோவம் முத்திப்போச்சுன்னா யாராச்சும் ஒருத்தர் வந்துருங்க. நான் ஜீப்புல படுத்துக்குவேன்."

அவர் போனதும் கோபம் முத்தத் தொடங்கியது. காற்றில் அடுப்பைப் பற்ற வைக்க நந்தகோபன் குச்சி குச்சியாக வீணாக்கினான். கல்லை மறைப்பாக வை என்றாள் வசுமதி. எனக்குத் தெரியும் என்றான் அவன். உனக்கு எல்லாம் தெரியும் என்றாள் அவள். கடைசியில் அடுப்பு பற்றிக்கொண்டது, பேச்சு அணைந்தது.

ஓடைத் தண்ணீரை வாயில் ஊற்றியவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"சுள்ளுங்குதா?" என்றாள் வசுமதி, தொழில் குரலில்.

"உயிர் போகுது."

"போகலை, இருக்கு. க்ளினிக்ல நாங்க பல்லுல ஐஸ் வச்சுப் பார்ப்போம். சுள்ளுன்னா நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஒண்ணும் தெரியலைன்னாத்தான் கவலைப்படணும்."

சொல்லிவிட்டு அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் அந்தக் கட்டிலுக்குப் போறேன்."

போனாள். நேராக, வேகமாக. வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தன. அதன் அடிக்குப் போனதும் நின்றாள். ஓர் அடி முன்னால் வைத்தாள், பின்னால் எடுத்தாள். திரும்பி வந்தாள்.

"கட்டில் சரியில்லையா?"

"அதுவரைக்கும் போகலை. வழியில என்னமோ மாதிரி இருந்தது."

"பயமா?"

"பயம் இல்ல." அவள் முகத்தில் வெட்கமும் கலவரமும் கலந்த ஏதோ ஒன்று இருந்தது. பையைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் தள்ளி நின்றாள். பிறகு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீளமாக மூச்சு விட்டாள்.

நந்தகோபனுக்குப் புரியவில்லை. எட்டு மாதமாகச் சாப்பாட்டு மேஜையின் அந்தக் கோடியில் உட்காருகிறவள். நகர்ந்து இடம் கொடுப்பதா, நகராமல் இருப்பதா? இரண்டும் தப்பாகத் தெரியவே, "ஓநாய் தெரியுதா பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து பாறை மேல் ஏறினான்.

மேலிருந்து பார்த்தால் புல்வெளி மாலை வெயிலில் கோதுமை நிறத்தில் கிடந்தது. ஓநாய் இல்லை. அவன் தேடவும் இல்லை. கீழே, கூடாரத்துக்கு முன்னால், ஒரு பொம்மையளவு வசுமதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. நந்தகோபனின் நெஞ்சுக்குள் எதுவோ பிசைந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டியபோது வந்தது மாதிரியா? கிட்டத்தட்ட. ஆனால் அது வயிற்றில், இது இன்னும் மேலே. எல்லைக்கோடு பக்கத்தில் எங்கேயும் இல்லையே?

சரிவில் பாதி சறுக்கிக்கொண்டே இறங்கினான்.

"என்ன, ஓநாய் துரத்துச்சா?"

"இல்ல. சும்மா."

அப்போதுதான் அந்த ஊளை வந்தது. தூரத்தில் ஒன்று இழுத்தது, அதற்கு மேல் சுருதியில் இன்னொன்று சேர்ந்துகொண்டது. வசுமதி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். ஊளை நின்ற பிறகும் விடவில்லை. அவன் அசையவே இல்லை. கை மரத்துப்போனது. பரவாயில்லை.

பிறகு, மாதக்கணக்கில் இல்லாத வழக்கமாகப் பேசினார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு கவுன்சிலர் உள்ளேயிருந்தே அவனை இடமாற்றம் செய்வதாக மிரட்டிய கதையைச் சொன்னான். வசுமதி குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்து, அது தன் சிரிப்புதானா என்பது போலத் திகைத்துப்போனாள். அந்தத் திகைப்புக்கு அர்த்தம் தெரியாமலேயே நந்தகோபன் தூங்கிப்போனான். புதன்கிழமையை எப்படி நிறுத்துவது என்பதுதான் தூக்கத்தின் ஓரத்தில் நின்ற கடைசி யோசனை.

விடிந்ததும் ஜடையப்பன் வந்து புல்வெளி ஓரத்தில் இருந்த கல் மறைவிடத்துக்கு அவர்களை அழைத்துப்போனார். செலின் தொலைநோக்கியோடு குந்தியிருந்தாள்.

"அதோ" என்றாள்.

முதலில் புல்தான் தெரிந்தது. பிறகு புல்லின் ஒரு பகுதிக்குக் காது முளைத்தது.

"எங்க தெருவுல இதைவிட வாட்டசாட்டமா நாய் இருக்கு" என்று நந்தகோபன் கிசுகிசுத்தான்.

"உங்க தெரு நாய்க்குப் பிரியாணி கிடைக்கும்" என்றாள் செலின். "ஆணு பேரு கலெக்டர். எல்லாத்தையும் மோந்து விசாரிப்பான். குஜராத்துல பிடிச்சது. பொண்ணு மல்லி, தெலங்கானா. ரெண்டையும் கொண்டுவந்து விட்டப்ப ஆளுக்கொரு திசையா ஓடுச்சு. இதுக்கு முன்னாடி கொண்டுவந்த ஓநாயெல்லாம் அப்படித்தான் தனித்தனியா ஓடி, ரோட்டுல லாரியில அடிபட்டுச் செத்துச்சு. அதான் இதுங்களுக்கு ஜோடிப் பட்டை கட்டினேன்."

"ஜோடிப் பட்டைன்னா?"

"அதே அடுப்புதான். ஆனா எல்லைக்கோடு தரையில இல்ல, இன்னொருத்தர்கிட்ட இருக்கு. தன் ஜோடியை விட்டுத் தள்ளிப் போனா உறுத்தும். கிட்ட வந்தா அடங்கிரும். ரெண்டு வருஷம் ஒண்ணாவே இருந்துச்சு. குட்டி போட்டுச்சு. இனிமே பட்டை தேவையில்லன்னு நெனைக்கேன். இன்னைக்குக் கழட்டப்போறேன்."

நந்தகோபன் மெதுவாகத் தன் மணிக்கட்டைப் பார்த்தான். வாகை மரத்தடியில் நின்ற வசுமதி. பாறையிலிருந்து சறுக்கி இறங்கிய தான். சட்டைக் கையைப் பிடித்த விரல்கள்.

"தம்பதின்னு பதிஞ்சிருந்தோம்" என்றான். "இதுவும் அதுதானா?"

செலின் வசுமதியைப் பார்த்தாள். வசுமதி புல்வெளியைப் பார்த்தாள்.

"சொல்லுங்க டாக்டர்! நேத்து சாயங்காலத்துலேர்ந்து நான் பைத்தியக்காரன் மாதிரி... இதை மனுஷங்களுக்குக் கட்டலாமா?"

"சத்தம் போடாதீங்க. நான் கட்டுறதில்ல. ஆனா கட்டுறதுக்கு ஆள் வரிசையில நிக்காங்க." செலினின் குரல் தாழ்ந்தது. "என் கட்டுரை வந்தப்புறம் போன் ஓயல. ஒரு மில்லு ஹாஸ்டல்ல பொண்ணுங்க வேலையை விட்டு ஓடாம இருக்கக் கேட்டாங்க. ஒரு கல்யாணத் தரகுக் கம்பெனி ஆயிரம் ஜோடி கேட்டுச்சு, முதல் மூணு மாசத்துக்கு மட்டுமாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? ஜோடியா வேண்டாம், பொண்ணுக்கு மட்டும் போதும்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். பட்டை செஞ்சு கொடுக்கற கம்பெனிக்காரன் முடியும்னுட்டான்."

"என் கேள்விக்கு இது பதில் இல்ல."

"முதல்ல இதை முடிச்சுக்கிடுதேன்." செலின் கையிலிருந்த கருவியின் பொத்தானை அழுத்தினாள். "இனிமே யாரும் கூப்பிடக்கூடாது, பின்னால போகக்கூடாது. அதுதான் இங்க வழக்கம்."

இரண்டு கழுத்துகளிலிருந்தும் பட்டைகள் கழன்று விழுந்தன. கலெக்டர் பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தது. மல்லி கீழே கிடந்த பட்டையை மோந்தது. இரண்டும் ஒரு கணம் ஒன்றையொன்று பார்த்ததாகத்தான் நந்தகோபனுக்குத் தோன்றியது. பிறகு கலெக்டர் வடக்கே நடந்தது. மல்லி தெற்கே ஓடைப் பக்கம் நடந்தது. ஓட்டமில்லை, சண்டையில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவப் போவது போலப் போயின.

திரும்பும் என்று காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. திரும்பவில்லை.

"குட்டி போட்டுச்சே" என்றாள் செலின், யாரிடமோ. "நாலு குட்டி. அதைச் சேர்ந்துதானே வளர்த்துச்சு? அதெல்லாம் என்ன? எனக்குத் தெரியல."

நந்தகோபன் தன் பட்டையைப் பிடித்து இழுத்தான். "கழட்டுங்க. ரெண்டு பேருக்கும் கழட்டுங்க."

"உன்னோடதுல ஒண்ணும் இல்ல, நந்து" என்றாள் வசுமதி.

"என்ன?"

"அது சாதாரண எல்லைப் பட்டை. ஜோடிப் பட்டை என்னோடது மட்டும்தான். இவங்க கட்டுரையைப் படிச்சுட்டு நான்தான் டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

புல்வெளியில் எங்கோ ஒரு கௌதாரி கத்தியது.

"வக்கீல்கிட்ட ஒண்ணும் தோணலைன்னு சொன்னேன்ல. உனக்கு அது வலிச்சுது. எனக்குப் பயமா இருந்தது. பிடிக்கலைன்னா பிரிஞ்சிடலாம். எதுவுமே தோணலைன்னா என்ன பண்றது? அஞ்சு வருஷம் கூட இருந்தவன். பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடிகூட ஐஸ் வச்சுப் பார்ப்போம். ஒரு தடவை வச்சுப் பார்த்துடலாம்னு..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீயும் கட்டிக்கிட்டிருப்ப. அப்புறம் எது யாரோடதுன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"இப்ப மட்டும் தெரியுதா? நேத்து மரத்துக்கிட்டேர்ந்து திரும்பி வந்தியே?"

"அது பட்டை."

"சட்டையைப் பிடிச்சது?"

"தெரியலை."

"சிரிச்சது?"

"பட்டைக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது" என்றாள் செலின்.

"நீங்க சும்மாயிருங்க டாக்டர்!" என்றார்கள் இருவரும் ஒரே சமயத்தில்.

செலின் தலையைக் குனிந்துகொண்டாள். "செய்யக் கூடாததுதான். எத்தனையோ ஓநாய்க்குக் கட்டிட்டேன். எப்படி இருந்துச்சுன்னு ஒண்ணுகூட எனக்குச் சொன்னதில்ல. இவங்க சொல்லுவாங்கன்னு ஆசைப்பட்டுட்டேன்."

நந்தகோபனுக்கு அப்போதுதான் அது உறைத்தது. "அப்ப நான் பாறையிலேர்ந்து இறங்கி ஓடி வந்தேனே?"

"அது நீங்க" என்றாள் செலின்.

சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா? கூட்டத்துக்கு நடுவில் தனக்கு மட்டும் வேட்டி அவிழ்ந்துவிட்டது போல இருந்தது அவனுக்கு.

செலின் இரண்டு பட்டைகளையும் கழற்றி வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வடிந்துவிடும் என்றாள். முகாமுக்குத் திரும்பிக் கூடாரத்தைச் சுருட்டினார்கள். பாத்திரம் கழுவினார்கள். எல்லாம் முடிந்ததும் வசுமதி எழுந்து நின்றாள்.

"நான் மரம் வரைக்கும் போய்ப் பார்க்கறேன். பின்னாடி வராத."

"சரி."

"கூப்பிடவும் கூடாது."

"தெரியும். அதுதான் இங்க வழக்கம்."

அவள் நடந்தாள். நேற்றைவிட மெதுவாக. வாகை நெற்றுகள் சலசலத்தன. மரத்தடியில் நிற்பாள் என்று பார்த்தான். நிற்கவில்லை. தாண்டினாள். வளைவில் அவள் முதுகு மறைந்தது. அதற்குப் பிறகு வெறும் வண்டித்தடம்.

கலெக்டரும் மல்லியும் போன மாதிரிதான். சண்டையில்லை, ஓட்டமில்லை.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். 'இதோ ஆச்சு' என்பது நந்தகோபனின் நிரந்தரப் பதில். உள்ளே இருப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய பொய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வளைவுக்கு அப்பால் ஜீப் ஹாரன் அடித்தது. வழக்கமாவது ஒன்றாவது. இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஷெட் வாசலில் கட்டில் விளிம்பில் வசுமதி உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி, ஜடையப்பன் மிகுந்த அக்கறையோடு சுத்தமான ஜீப்பையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்கள் சிவந்திருந்தன.

"மரத்தைத் தாண்டினேன், நந்து. ஒண்ணுமே ஆகலை."

"பார்த்தேன்."

"ஒரு உறுத்தலும் இல்ல. அப்படியே வந்து உட்கார்ந்துட்டேன். நேத்து இருந்தது இல்லையேன்னு நெனச்சேன். அழுகை வந்திருச்சு." மூக்கை உறிஞ்சினாள். "இது என்னது? எனக்குப் புரியலை."

அவனுக்கும் புரியவில்லை. "சுள்ளுங்குதா?" என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். "லேசா."

ஜீப் மலையிறங்கியது. நடுவில் ஒரு கை அகலம் இடம் விட்டு இருவரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தை யாரும் நிரப்பவுமில்லை, கூட்டவுமில்லை.

"புதன்கிழமை ஜட்ஜ் ரெண்டு பேர்கிட்டயும் சம்மதமான்னு கேட்பார்" என்றான் நந்தகோபன்.

"கேட்பார்."

"என்ன சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லுவோம்."

"அது ஒரு பதிலா? வாய்தா போட்டுருவார்."

"போடட்டும்."

முன்னாலிருந்து ஜடையப்பனின் கண்கள் கண்ணாடியில் ஒரு தரம் தெரிந்து மறைந்தன. சாலை இரண்டு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியது. திடீரென்று வசுமதி நிமிர்ந்து உட்கார்ந்து அவன் முழங்கையைப் பற்றினாள். முகம் வெளுத்திருந்தது.

"நந்து! அடுப்பை அணைச்சோமா?"

"முகாம்லயா? நான்தானே அணைச்சேன்."

"அது இல்ல. நம்ம வீட்டு அடுப்பு. கிளம்பறப்ப நான் பால் காய்ச்சினேன். நீ கடைசியா வந்த. அணைச்சியா?"

அவன் அவசரமாக அவள் மணிக்கட்டைப் பார்த்தான். பட்டை இல்லை. அது இருந்த இடத்தில் வெளிறிய ஒரு தடம் மட்டும்.

"தெரியலை" என்றான் நந்தகோபன். "போய்ப் பார்ப்போம்."